படைநடைக்குப் பண் அமைத்த இராம்சிங் தாக்கூரி

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில் உள்ளது இறக்கக்கண்டி. ஒருபால் களப்பு, மறுபால் வங்கக்கடல். இக்கரையில் வாழ்ந்த முதியோருக்கு இரண்டாம் உலகப்போர் என்பது பெரும்பாலும் ஒரு நாளின் பெயராகவே இருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாளே அது. அன்று காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை; மட்டக்களப்புக்கு அப்பால் அது கடலில் ஆழ்ந்தது. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

சிங்கப்பூர் வீழ்ந்து அப்பொழுது இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. அங்கே போர்க்கைதிகளாகக் கிடந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர். அவர்களுள் ஒருவர் இராம்சிங் தாக்கூரி. திருகோணமலை மக்கள் அப்போரை வெடியோசையாகக் கேட்டனர்; அம்மனிதரோ அதனை இசையாக மாற்றினார்.

இராம்சிங் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், இமயமலையின் அடிவாரத்தில், தர்மசாலாவை அடுத்த கன்யாரா என்னும் சிற்றூரில், கூர்க்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுவனின் இசையார்வத்தை முதலில் கண்டு வளர்த்தவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார் என்பர். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே அவர் கூர்க்கர் படையில், துப்பாக்கி தூக்கும் வீரனாக அன்றி, வாத்தியக்குழுச் சிறுவனாகச் சேர்ந்தார். இது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அக்காலப் படைகளில் இசை ஓர் அலங்காரமன்று. நூற்றுக்கணக்கானோரின் கால்கள் ஒன்றாய்ப் பெயர்வதற்கும், களைத்தவன் இன்னும் ஒரு காததூரம் நடப்பதற்கும் முரசும் ஊதுகொம்புமே துணையாயின. படையிலே மேல்நாட்டு இசைமுறையைக் கற்ற இராம்சிங், வயலினிலும் கைதேர்ந்தார்.

1941இல் அவருடைய படைப்பிரிவு மலாயாவுக்கு அனுப்பப்பட்டது. ஜித்ராவிலும் சிலிம் ஆற்றங்கரையிலும் அப்பிரிவு சிதைந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தபின், கைதிகளின் முன்னே ஒரு கேள்வி நின்றது. முன்னர் ஏற்ற உறுதிமொழியைக் காத்துச் சிறையில் இருப்பதா? நாட்டின் விடுதலைக்கென எழுந்த புதிய படையில் சேர்வதா? கூர்க்கருள் மிகப்பலர் முன்னதையே தெரிந்தனர். இராம்சிங் பின்னதைத் தெரிந்தார். இருசாராரையும் எளிதில் பழித்தல் தகாது. சொன்ன சொல்லா, பிறந்த மண்ணா என்னும் அக்கேள்விக்கு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடைகூறுவது எளிது. கம்பிவேலிக்குள் நின்று கூறுவது அரிது.

1943 யூலையில் நேதாஜி சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தார். மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தமிழும் பஞ்சாபியும் நேபாளியும் பேசியோர் ஒரே அணியில் நின்ற அப்படைக்குப் பொதுவான ஒரு நடை வேண்டியிருந்தது. ‘கதம் கதம் படாயே ஜா’ என்னும் அணிவகுப்புப் பாட்டுக்கு இராம்சிங் அமைத்த மெட்டு அத்தேவையை நிறைவு செய்தது. அப்பாடலை இயற்றியவர் வம்சீதர் சுக்லா. சொல்லின் பொருள் முழுதும் விளங்காத தோட்டத்து இளைஞனும் அதன் தாளத்துக்கு அடியெடுத்து வைக்க இயன்றது.

1943 ஒக்ரோபர் 21இல், சிங்கப்பூரின் கதே மாளிகையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வரசுக்குரிய கீதத்தின் இசை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று நேதாஜி கூறியதை இராம்சிங் முதுமையில் நினைவுகூர்ந்ததுண்டு. பாட்டின் வேகத்தில் அம்மாளிகையே இரண்டாய்ப் பிளந்து வானம் தெரிய வேண்டும் என்றாராம். அக்கீதமே ‘சுப சுக சைன்’. தாகூரின் ‘ஜன கண மன’ பாடலைத் தழுவி, அபித் ஹசனும் மும்தாஜ் ஹுசைனும் எளிய இந்துஸ்தானியில் ஆக்கியது அது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்தல் வேண்டும். இந்தியாவின் நாட்டுப்பண்ணுக்கு மெட்டமைத்தவரே இராம்சிங்தான் என்று சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அன்பின் மிகுதியால் கூறப்படும் இக்கூற்று உண்மையோடு பொருந்துமாறில்லை. ‘ஜன கண மன’ முதன்முதல் 1911 திசெம்பர் 27இல் கல்கத்தாக் காங்கிரசில் பாடப்பெற்றது. அப்பொழுது இராம்சிங் பிறக்கவும் இல்லை. 1919இல், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் தாகூர் அதனைத் தாமே பாடினார். மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அங்கே அதன் இசைக்குறிப்பை எழுதி வைத்தார். 1942 செப்டம்பரில் யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் அது வாத்தியக்குழுவினரால் இசைக்கவும் பட்டது. எனவே மூலமெட்டு தாகூருடையது. ஓர் அமைதியான வழிபாட்டுப் பாடலை, திறந்தவெளியில் அணிவகுத்து நிற்போர் கேட்டு நிமிரும்படி படைவாத்தியங்களுக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்ததே இராம்சிங்கின் பணி. அது சிறு பணியன்று. தமக்கு உரியதல்லாத புகழை ஏற்றாமலே பெரியவராக நிற்கத்தக்கவர் அவர்.

1945இல் ரங்கூன் வீழ்ந்தபின் அவர் மீண்டும் கைதியானார், இம்முறை ஆங்கிலேயருக்கு. டில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய படைத்தலைவர்கள் மூவர் செங்கோட்டையில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். இரண்டு ஆண்டு கழியுமுன் காலம் திரும்பியது. 1947 ஆகஸ்டில் அதே செங்கோட்டையில் பண்டித நேரு கொடியேற்றியபோது, இராம்சிங்கின் குழுவினர் அங்கே தம் கீதத்தை இசைத்தனர். நாடு விடுதலையடைந்த நாளிலேயே அவருக்கு முப்பத்துமூன்று வயது நிறைந்திருந்தது.

பின்னர் அவர் உத்தரப் பிரதேச ஆயுதப் பொலிஸ் படையில் சேர்ந்து, இலக்னோவில் அதன் வாத்தியக்குழுவை நடத்தி, 1974இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் வயலின் அவர் கையை விட்டகலவில்லை. நேதாஜி பரிசாக அளித்த அதனையே முதுமையிலும், கேட்டு வந்தவர்களுக்கு எடுத்து வாசித்துக் காட்டுவார். 2002 ஏப்பிரல் 15இல் இலக்னோவில் அவர் காலமானபோது வயது 87. அவர் மெட்டமைத்த ‘கதம் கதம்’ இன்று இந்தியத் தரைப்படையின் அணிவகுப்புகளில் ஒலிக்கிறது.