பெருந்தொற்றுக் கால நெஞ்சுப் படிமச் சோதனையின் செலவுப் பயன்திறன்

பெருந்தொற்றுக் கால நெஞ்சுப் படிமச் சோதனையின் செலவுப் பயன்திறன் என்பது, பெருந்தொற்று ஒன்றின்போது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிக்கு நெஞ்சுப் பகுதியின் ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்-ரே), கணினிக் குறுக்குவெட்டுப் படம் (சி.டி. ஸ்கேன்), மீயொலிப் படம் ஆகியவற்றுள் ஒன்றை எடுப்பதால் ஆகும் செலவையும், அதனால் கிடைக்கும் உடல்நலப் பயனையும் ஒப்பிட்டு அறிதல் ஆகும். இது நலப் பொருளியலின் ஒரு பகுதி. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட்-19 நோய் பரவியபோது இக்கேள்வி உலகெங்கும் எழுந்தது. தமிழ்நாட்டில் சென்னையில் மட்டுமன்றி, சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களிலும் நோயாளிகளும் மருத்துவர்களும் நாள்தோறும் இதை எதிர்கொண்டனர்.

பின்னணி

கோவிட்-19 நோயை உறுதி செய்யும் சோதனை, மூக்கு, தொண்டைச் சளியில் தீநுண்மியின் மரபுப்பொருளைக் கண்டறியும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையாகும். இதன் முடிவு ஆய்வகத்திலிருந்து வருவதற்குச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகும். அவசர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் திணறலுடன் நிற்பவரை எந்த வார்டுக்கு அனுப்புவது என்பதை அதுவரை தள்ளிப்போட இயலாது. சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் நுரையீரலின் நிலையைக் காட்டிவிடும். நுரையீரலின் ஓரங்களில் மங்கிய கண்ணாடி போன்ற நிழல்கள் இருபுறமும் தென்படுதல் இந்நோயின் பொதுவான அடையாளமாகும்.

சீனாவின் ஊகான் நகரில் இம்முறை முதலில் பெருமளவில் பயன்பட்டது. 2020 பெப்ரவரியில் ஊபேய் மாகாணம், ஆய்வகச் சோதனை இன்றிப் படிமத்தையும் அறிகுறிகளையும் கொண்டு அறியப்பட்டவர்களையும் நோயாளிகளாகக் கணக்கில் சேர்த்தது. அதனால் ஒரே நாளில் 14,840 பேர் புதிதாகப் பதிவாயினர். அவர்களுள் 13,332 பேர் இவ்வாறு சேர்க்கப்பட்டவர்கள். அதே மாதம் வெளியான, 1,014 நோயாளிகளைப் பற்றிய ஊகான் ஆய்வு ஒன்று, சி.டி. ஸ்கேனின் உணர்திறன் 97% எனக் கூறியது. இந்த எண்ணே இந்தியா உட்படப் பல நாடுகளில் சி.டி. ஸ்கேன் மீது பெரும் நம்பிக்கையை விதைத்தது எனலாம். அதே ஆய்வில் குறித்தன்மை 25% மட்டுமே என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

துல்லியமும் நோயின் பரவலும்

நோய் உள்ளவரை நோயாளி எனச் சரியாகக் காட்டும் விகிதம் உணர்திறன் எனவும், நோய் இல்லாதவரை இல்லாதவர் எனச் சரியாகக் காட்டும் விகிதம் குறித்தன்மை எனவும் வழங்கப்படும். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2022 ஆம் ஆண்டு மீளாய்வின்படி, சி.டி. ஸ்கேனின் உணர்திறன் ஏறத்தாழ 87%, குறித்தன்மை 78%. ஊடுகதிர்ப் படத்துக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ 73%. மீயொலிக்கு முறையே 89%, 72%.

இந்த எண்கள் மாறாதிருப்பினும், ஊரில் நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைப் பொறுத்துச் சோதனையின் பயன் பெரிதும் மாறும். எடுத்துக்காட்டாக, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் 1,000 பேருக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பதாகக் கொள்வோம். அலையின் உச்சத்தில் அவர்களுள் பாதிப் பேருக்கு நோய் இருப்பின், 500 பேரில் 435 பேர் கண்டறியப்படுவர். 65 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 500 பேரில் 110 பேர் தவறாக நோயாளி எனக் காட்டப்படுவர். அலை ஓய்ந்து பத்தில் ஒருவருக்கே நோய் இருக்கும் காலத்தில், 100 பேரில் 87 பேர் கண்டறியப்படுவர்; நோயற்ற 900 பேரில் 198 பேர் தவறாகக் காட்டப்படுவர். அதாவது, முதல் நிலையில் 'உண்டு' எனும் முடிவு ஐந்தில் நான்கு முறை சரி. இரண்டாம் நிலையில் மூன்றில் இரண்டு முறைக்கும் மேல் தவறு. அத்தவறான முடிவு பெற்றவர் தொற்று வார்டில் படுக்க வைக்கப்பட்டால், அங்கேயே அவருக்கு நோய் தொற்றக்கூடும். இந்தத் தீங்கையும் செலவுக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

செலவைக் கணக்கிடுதல்

மகாராட்டிர அரசு 2020 செப்டம்பரில் சி.டி. ஸ்கேனுக்கு, கருவியின் திறனைப் பொறுத்து, 2,000 முதல் 3,000 ரூபாய் வரை உச்சக் கட்டணம் நிர்ணயித்தது. 2,000 ரூபாய் எனக் கொண்டால், மேற்கண்ட 1,000 பேருக்கு ஆகும் தொகை 20 இலட்சம் ரூபாய். சரியாகக் கண்டறியப்பட்ட ஒரு நோயாளிக்கு ஆன செலவு, அலையின் உச்சத்தில் ஏறத்தாழ 4,600 ரூபாய்; அலை ஓய்ந்தபின் ஏறத்தாழ 23,000 ரூபாய். கருவி, கட்டணம், மருத்துவர் எதுவும் மாறவில்லை. எனினும் செலவு ஐந்து மடங்காகிறது.

கட்டணம் வேறு, செலவு வேறு என்பதையும் இங்குக் கருத வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்திவரும் மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய் என்னும் குறைந்த கட்டணமே பெறப்பட்டு வந்தது. கருவியின் விலை, பராமரிப்பு, மின்சாரம், பணியாளர் ஊதியம் ஆகியவற்றின் பெரும்பகுதியை அரசு ஏற்பதால், இது நோயாளியின் பார்வையில் மலிவு. சமூகத்தின் பார்வையில் அவ்வாறன்று.

மற்றொரு செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தொற்றுள்ள ஒருவருக்குப் படம் எடுத்தபின் கருவியையும் அறையையும் துப்புரவு செய்து, காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பில் இதனைச் சுட்டிக்காட்டி, சி.டி. ஸ்கேனை முதல்நிலைச் சோதனையாகப் பயன்படுத்தலாகாது என்றும், தேவைப்படின் படுக்கையருகே கொண்டுசெல்லும் ஊடுகதிர்க் கருவியைக் கருதலாம் என்றும் கூறியது. மருத்துவமனையில் ஒரே கருவி இருப்பின், அது நிற்கும் நேரத்தில் பக்கவாதம் கண்டவரும் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரும் காத்திருக்க நேரும். பொருளியலில் இது வாய்ப்புச் செலவு எனப்படும்.

முறையான ஆய்வுகளில், ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதால் கூடும் செலவு, அதனால் கூடும் 'தரம் ஈடுசெய்த வாழ்நாள் ஆண்டு'களால் வகுக்கப்படும். படிமத்தால் மட்டும் யாரும் குணமடைவதில்லை. அதன் முடிவு நோயாளிக்குச் செய்யப்போவதை மாற்றினால் மட்டுமே பயன் உண்டு; மாற்றாவிடில், எவ்வளவு மலிவாயினும் வகுக்கும் எண் சுழியாகிவிடும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று அறியப்பட்டார். பல மாநிலங்கள் விரைவு எதிர்ப்பொருளாக்கிச் சோதனையைப் பெருமளவில் பயன்படுத்தியபோது, தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையையே மேற்கொண்டது. துல்லியம் நோக்கில் இது சிறந்த முடிவு. ஆனால், அரை மணி நேரத்தில் முடிவு தரும் மாற்று வழி இல்லாததால், ஆய்வகங்களில் மாதிரிகள் குவிந்த நாட்களில் அந்த இடைவெளியைச் சி.டி. ஸ்கேன் நிரப்பியது.

2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதற்கு முந்தைய நாள், தனியார் ஆய்வகங்களில் ஆர்.டி.-பி.சி.ஆர். கட்டணத்தை அரசு 1,200 ரூபாயிலிருந்து 900 ரூபாயாகக் குறைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு இது 550 ரூபாய். உறுதிச் சோதனை மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும்தோறும், நோயறிதலுக்கான சி.டி. ஸ்கேனின் செலவுப் பயன்திறன் குறையும்.

நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2021 மே 8 அன்று வெளியிட்ட திருத்திய கொள்கையின்படி, மருத்துவமனையில் சேர்வதற்குத் தொற்று உறுதிச் சான்று கட்டாயமில்லை. ஐயத்துக்குரியவர்களுக்குத் தனி வார்டு ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை பலர் படுக்கை கிடைப்பதற்கான நுழைவுச் சீட்டு போலவே ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்திருந்தனர். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என, 25-க்கு இத்தனை மதிப்பெண் என்று அளிக்கப்பட்ட பாதிப்பு அளவு, தேர்வு முடிவு போல வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. இம்மதிப்பெண் நோயின் நாளைப் பொறுத்து மாறக்கூடியது என்பதும், குருதியின் ஆக்சிசன் அளவே சிகிச்சையைத் தீர்மானித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சேலமும் அம்மாபேட்டையும்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மாவட்டத்துக்கு மட்டுமன்றிச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் பெரிய அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில்தான் திறக்கப்பட்டது. எனவே இரண்டு அலைகளின்போதும் நாமக்கல் பகுதியின் கடும் நோயாளிகள் பலருக்குச் சேலமே புகலிடம். நெடுஞ்சாலைகள் கூடும் நகரமாதலால் விபத்து நோயாளிகளும் இங்கு மிகுதி. மேற்கூறிய வாய்ப்புச் செலவு இத்தகைய மருத்துவமனையில்தான் மிகக் கூடுதலாக இருக்கும்.

அம்மாபேட்டை, சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு நடப்பில் இருந்தபோது தறிகள் நின்றன. தனியார் மையத்தில் ஒரு சி.டி. ஸ்கேனுக்கு ஆகும் தொகை நெசவுத் தொழிலாளி ஒருவரின் பல நாள் கூலிக்கு ஈடானது. குடும்பத்தில் நால்வருக்குக் காய்ச்சல் கண்டு நால்வரும் ஸ்கேன் எடுப்பின், அது கடன் வாங்கியே ஆக வேண்டிய செலவு. அதே குடும்பம் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரை வாங்கி, நால்வரின் ஆக்சிசன் அளவையும் நாள்தோறும் குறித்து, 94%-க்குக் கீழ் இறங்கியவரை மட்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பன்மடங்கு பயனுள்ளது. எனினும் சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு ஆக்சிசன் அளவு இறங்கத் தொடங்கி, பி.சி.ஆர். முடிவும் வராத நிலையில், ஒரு படிமம் அவரது உயிரைக் காக்கக்கூடும்.

பயன் என்பது படுக்கையையும் பொறுத்தது. கஞ்சமலை அடிவாரத்திலுள்ள சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிசன் படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் 2021 மே 20 அன்று திறக்கப்பட்டது. படுக்கை இல்லாதபோது, நோயாளியின் நுரையீரல் பாதிப்பைத் துல்லியமாக அறிந்தும் செய்வதற்கு அதிகம் இல்லை.

கதிர்வீச்சு பற்றிய சர்ச்சை

2021 மே 3 அன்று, அப்போதைய தில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு ஊடுகதிர்ப் படங்களுக்குச் சமம் என்றும், இலேசான நோய்க்கு அது தேவையில்லை என்றும் கூறினார். இந்தியக் கதிரியல் மற்றும் படிமவியல் சங்கம் இதனை மறுத்து, இக்காலக் கருவிகளில் அது 5 முதல் 10 படங்களுக்கே சமம் என்றது. இரு தரப்பும் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டிருந்தன. ஒரே கோணத்தில் மட்டும் எடுக்கும் ஊடுகதிர்ப் படத்தின் அளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், வழக்கமான நெஞ்சு சி.டி. ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். வகுத்தால் 350 வரும். மிகக் குறைந்த கதிர் அளவில் எடுக்கும் முறையைக் கொண்டால் இவ்விகிதம் வெகுவாகக் குறையும். ஒருவர் இயற்கையாகவே ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் ஆகும். சர்ச்சையின் இரைச்சலில், குலேரியா கூறிய இரண்டாவது கருத்து பின்னுக்குத் தள்ளப்பட்டது.

வழிகாட்டுதல்கள்

பிளைசுனர் சங்கம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட கூட்டறிக்கை, இலேசான அறிகுறி உள்ளவர்களுக்கு, நோய் முற்றும் இடர் இல்லாதவரை, படிமம் வேண்டாம் என்றது. வளம் குறைந்த இடங்களில், மிதமான அல்லது கடும் அறிகுறி உள்ளவர்களை வகைப்படுத்தப் பயன்படுத்தலாம் என்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2020 சூன் 11 அன்று வெளியிட்ட வழிகாட்டி, பி.சி.ஆர். முடிவு உரிய நேரத்தில் கிடைக்கும் இடங்களில் நோயறிதலுக்குப் படிமம் வேண்டாம் என்றும், சோதனை கிடைக்காதபோது, முடிவு தாமதமாகும்போது, அல்லது முடிவு எதிர்மறையாக வந்தும் ஐயம் வலுவாக இருக்கும்போது பயன்படுத்தலாம் என்றும் பரிந்துரைத்தது. இந்தியாவின் 2021 ஏப்ரல் 22 தேதியிட்ட தேசிய வழிகாட்டி, மிதமான நோயாளிகளுக்கு நிலை மோசமடைந்தால் மட்டுமே சி.டி. ஸ்கேன் எனக் குறிப்பிட்டது.

பின்னர்

உலக நலவாழ்வு அமைப்பு 2023 மே 5 அன்று கோவிட்-19 தொடர்பான பன்னாட்டு அவசர நிலையை முடித்துக்கொண்டது. படிமங்களைக் கணினி நிரல் கொண்டு படிக்கும் முறையைக் காசநோய்த் தேடலுக்கு அவ்வமைப்பு 2021-லேயே பரிந்துரைத்திருந்தது. 2024 டிசம்பரில் இந்திய அரசு தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் எடுத்துச் செல்லும் ஊடுகதிர்க் கருவிகள் ஊர்களுக்கே கொண்டு செல்லப்பட்டன.