0.03 விநாடி

2006 டிசம்பர் 9, தோகா. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டம். பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம். இரண்டாவதாக வந்தவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை முந்தியது வெறும் 0.03 விநாடியில்!

இந்த 0.03 நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சாந்தி என்றதும் நினைவுக்கு வருவது 'பாலினப் பரிசோதனை' மட்டும்தானே?

ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ முடிவு அது. சில நாட்களிலேயே பத்திரிகைகளுக்கும் டிவிக்கும் போய்விட்டது. பதக்கம் பறிபோன விஷயமே டிவி பார்த்துத்தான் தெரிந்தது என்று சாந்தி பிற்பாடு சொன்னார். அதற்குப் பிறகு வந்த செய்திகளில் ஓட்டம் இல்லை, உடம்புதான் இருந்தது. 2007-ல் அவர் தற்கொலைக்கு முயன்றார். அதுவும் செய்தியானது.

ஆண்கள் கதை வேறு. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008 பெய்ஜிங்கில் 8 தங்கம் வென்றபோதும் உடம்பைப் பற்றித்தான் எழுதினார்கள். உயரத்தைவிட நீளமான கை விரிப்பு, பெரிய பாதம்... எல்லாம் 'இயற்கை தந்த வரம்'! அதே இயற்கை ஒரு பெண்ணுக்குக் கூடுதலாக எதையாவது கொடுத்துவிட்டால் அது சந்தேகம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாலினப் பரிசோதனை வந்தபோதும் அது பெண்களுக்கு மட்டும்தான். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம் என்பதை 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. சாந்தி மாட்டியது அதில்தான்.

2009-ல் இதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா உலக சாம்பியன் ஆனபோது, அங்கும் பத்திரிகைகள் சும்மா விடவில்லை. ஆனால் அவர் நாடே அவர் பக்கம் நின்றது, பதக்கமும் தங்கியது. சாந்திக்காக இந்தியாவில் அப்படி யார் நின்றார்கள்?

தமிழக அரசு மட்டும், முதல்வர் கருணாநிதி கையால், 15 லட்சம் ரூபாய் பரிசு தந்தது. அந்தப் பணத்தை அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கச் செலவழித்தார். பிறகு அவரே செங்கல் சூளையில் தினக்கூலி வேலைக்குப் போனார். 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அந்தச் செய்திகளிலும் பரிசோதனை தவறாமல் இடம்பிடித்தது. அந்த 0.03-ஐத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.