வீங்கிய காலும் மெல்லசைவும்

யானைக்கால் வியாதியின் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் 1877இல் கண்டறிந்த பின்னரும், 1955இல் நம் தேசத்தில் பைலேரியா எனப்படும் இந்நோய்க்கான கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமான பின்னரும், கவனமெல்லாம் கிருமியின் மீதும் கொசுவின் மீதும் சென்றதேயன்றி, கும்பகோணத்துத் திண்ணைகளில் வீங்கிய காலுடன் ஒடுங்கிவிட்ட முதியோரின் அன்றாட சிரமத்தின் மீது போதிய அளவு செல்லவில்லை என்பது வேதனைக்குரியது. இத்தனைக்கும், தூய்மை பேணுதல், நீவுதல், கட்டுப்போடுதல், காலை அசைத்தல் ஆகியவற்றை லியேஜ் நகரத்து அறுவை வைத்தியரான அலெக்சாண்டர் வினிவார்ட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உபதேசித்திருந்தார்.

காலில் தேங்கி இவ்வீக்கத்தை உண்டாக்கும் நிணநீரைச் செலுத்த இருதயம் போன்ற தனி யந்திரம் மனித சரீரத்தில் கிடையாது. நாளங்களின் சுருக்கமும், சூழ்ந்துள்ள தசைகளின் அழுத்தமும், பின்வழிவைத் தடுக்கும் வால்வுகளுமே அதனை மேலே ஏற்றுகின்றன. ஆதலால் ஒரு மூதாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் கணுக்காலை வட்டமாகச் சுழற்றுவதும் அற்பக் காரியமல்ல.

பிரேசிலின் ரெசிபே நகரில் கெருசா ட்ரையர் என்னும் பெண் வைத்தியர், சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, இவ்வசைவுகளை வீட்டிலேயே செய்யும் முறையை 1990களில் பரப்பினார். 2000இல் உலக சுகாதார ஸ்தாபனம் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்திலோ, பரவலைத் தடுப்பதுடன் நோயுற்றோரின் துன்பத்தைத் தணிப்பதும் ஒரு நோக்கமாயிற்று. காய்ச்சலும் சிவப்பும் கண்ட நாட்களில் மட்டும் அசைவை நிறுத்திக் காலுக்கு ஓய்வளிக்க வேண்டும் என்பதும் ட்ரையர் பரப்பிய முறையின் விதி.