ஈ காவல் காத்த காடு

'சபாரி' என்னும் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் வழங்குவது. பயணம் என்பதே அதன் பொருள். 'சபர்' என்னும் அரபுச் சொல்லின் வழியாக அது பிறந்தது. அதே வேரிலிருந்து வந்த 'முசாபர்' தமிழுக்கும் புதிதன்று. தமிழ்நாட்டு ஊர்களில் இருந்த முசாபரி பங்களாக்களை முதியோர் மறந்திருக்கமாட்டார். வழிப்போக்கரைக் குறிக்கும் 'முசாபிர்' என்னும் மலாய்ச் சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இந்நாளில் பொட்சுவானா, கென்யா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் குதிரைச் சபாரி என்று ஒன்று நடைபெறுகிறது. சவாரியில் நன்கு பழகியவர்கள் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் சேணத்தில் அமர்ந்து, யானையும் எருமையும் ஒட்டகச்சிவிங்கியும் உலவும் வெளிகளைக் கடந்து செல்கின்றனர். காண்போர்க்கு இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார்த் தீவின் எதிர்க்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்ட சபாரிகள் பெரும்பாலும் கால்நடையாகவே சென்றன. நூற்றுக்கணக்கான சுமைகூலிகள் ஆளுக்கு 30 கிலோ அளவுள்ள பாரத்தைத் தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தனர். போகும்போது துணியும் மணியும் செப்புக் கம்பியும். திரும்பும்போது யானைத் தந்தம். குதிரைக்குப் பேர்போன அரபு நாடு கடலுக்கு அப்பால்தான் இருந்தது. குதிரை கிடைக்காமல் இல்லை. உள்ளே போன குதிரை உயிரோடு திரும்பாததுதான் காரணம்.

அதற்கு எதிரிகள் இரண்டு. ஒன்று செட்சி ஈ. வீட்டு ஈயைவிடச் சற்றே பெரிதான இது குருதி குடித்து வாழ்வது. கடிக்கும்போது நுண்ணிய ஓரணு உயிரி ஒன்றைக் குருதியில் செலுத்திவிடுகிறது. அவ்வுயிரி புகுந்த மாடும் குதிரையும் தின்றும் தேறாமல் மெலிந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ மடியும். சூலு மொழியில் இந்நோய்க்கு 'நகானா' என்று பெயர். மற்றோர் எதிரி ஆப்பிரிக்கக் குதிரை நோய். கொசுவினும் சிறிய ஒரு பூச்சி, மாலை மங்கியது முதல் விடியும்வரை கடித்து இதைப் பரப்புகிறது. ஈயின் நோய் மெல்லக் கொல்லும். இது நாட்கணக்கில் கொன்றுவிடும். நோய்க்குப் பழகாத குதிரைகள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், சில வேளைகளில் தொண்ணூற்றைந்து வரை மாளும்.

இவ்விரண்டும் வலுவிழந்த இடங்களில் குதிரை அரசுகளையே உருவாக்கிற்று. எகிப்துக்கு அது கி.மு. 17, 16ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வந்து, தேர்ப்படையின் உயிர்நாடியாயிற்று. சகாராப் பாலைக்குத் தெற்கே மழை குறைந்த புல்வெளியில் மாலி, சொங்காய், போர்னு ஆகிய அரசுகள் குதிரைப் படையால் தழைத்தன. போர்னுவின் வீரரும் குதிரைகளும் பஞ்சு திணித்துத் தைத்த கவசம் அணிந்து போருக்குச் சென்றனர். அங்கே குதிரையின் விலையைக் கேட்டால் நெஞ்சு துணுக்குறும். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஒரு நல்ல குதிரைக்குப் பத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஈடாகக் கொடுக்கப்பட்டனர். குதிரை வாங்க அடிமை வேண்டும். அடிமை பிடிக்கக் குதிரை வேண்டும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்த அந்தக் கொடுமையின் வரலாற்றைப் படைவலியின் பெருமையாக மட்டும் எழுதிச் செல்வது நேர்மையாகாது.

அப்படைகளும் ஓர் எல்லைக்கு மேல் தெற்கே செல்ல இயலவில்லை. மழைக்காடு தொடங்கும் இடத்தில் ஈயும் தொடங்கியது. இன்றைய நைசீரியாவில் இருந்த ஓயோ அரசு குதிரைகளைப் பெரிதும் வடக்கிலிருந்தே விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. 1726இல் அதன் குதிரைப் படை தகோமி நாட்டின்மீது பாய்ந்ததற்கு, அப்பகுதியில் காடு விலகிப் புல்வெளி கடற்பக்கம்வரை நீண்டிருந்தது துணைசெய்தது. அரசர்களின் எல்லைக்கோட்டை அமைச்சர்கள் வகுத்ததாக வரலாற்று நூல்கள் கூறும். இங்கே அதை வகுத்தது ஈ.

காரணம் அறியாமல் நேர்ந்த பழிக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி உண்டு. 1569இல் போர்த்துக்கல் அரசன் பிரான்சிசுக்கோ பரேத்தோ என்பவனைப் பெரும் படையுடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினான். முன்னர் இந்தியாவில் போர்த்துக்கீசிய ஆளுநனாய் இருந்தவன் இவன். மோனோமோத்தாப்பா நாட்டுப் பொற்சுரங்கங்களைக் கைப்பற்றுவதே நோக்கம். சாம்பசி ஆற்றங்கரையில் உள்ள சேனா என்னும் ஊரில் படை தங்கியபோது, வீரர்கள் காய்ச்சலில் வீழ்ந்தனர். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட குதிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. அவ்வூரில் நெடுங்காலமாக வாணிகம் செய்துவந்த முசுலிம்கள் நஞ்சு வைத்துவிட்டனர் என்று போர்த்துக்கீசியர் முடிவுகட்டி, அவர்களைச் சித்திரவதை செய்து கொன்றனர். உடன் சென்ற மொன்கிளாரோ பாதிரியார் எழுதிவைத்த குறிப்பால் இச்செய்தி இன்று தெரிகிறது. அக்குறிப்பையே ஆப்பிரிக்கக் குதிரை நோய் பற்றிய தொல்சான்றுகளுள் ஒன்றாக மருத்துவ நூலார் காட்டுவர். கொன்றது பூச்சி; தண்டனை பெற்றவர் வணிகர். பரேத்தோவும் 1573இல் அந்தச் சேனாவிலேயே நோயுற்று இறந்தான்.

தென்முனையில் ஒல்லாந்தர் குடியேறிய கதை வேறு. 1653இல் சாவகத்திலிருந்து சில மட்டக்குதிரைகள் நன்னம்பிக்கை முனைக்கு வந்திறங்கின. அவற்றோடு பிறநாட்டுக் குதிரைகள் கலந்து பெருகிய குதிரைக் குடும்பத்தை 1719ஆம் ஆண்டு நோய் தாக்கி ஏறத்தாழ 1,700 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1854, 1855ஆம் ஆண்டுகளில் மாண்டவை ஏறக்குறைய 70,000. நோயில் விழுந்து பிழைத்த குதிரையை 'உப்பிட்ட குதிரை' என்று அந்நாட்டார் அழைத்தனர். அதற்கு மற்றவற்றைவிடப் பலமடங்கு விலை கிடைத்தது. உப்பிட்டது என்று பொய்யாகச் சாற்றி விற்ற தரகர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குளிர் மிகுந்த பசுத்தோ மலைநாட்டில் மட்டும் பூச்சியின் ஆதிக்கம் குன்றியிருந்தது. 1830 வாக்கில் முதற்குதிரையைப் பெற்ற மொசுவேசுவே மன்னனின் குடிகள் ஒரு தலைமுறைக்குள் சிறந்த குதிரை வீரராயினர். அம்மலைநாடு இன்று லெசோத்தோ என்னும் தனி நாடு.

வடக்கே காலகாரி வறண்ட நிலத்தைக் கடந்து காட்டுக்குள் குதிரையில் புகுந்த ஐரோப்பியருள் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் காட்டன் ஆசுவெல். இவருக்கும் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாநிலப் பணியில் 1837 முதல் சில ஆண்டுகள் இருந்தவர்; காய்ச்சலால் உடல் நலிந்து, தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றவர். அங்கே உடல்நலத்தோடு வேட்டை வேட்கையும் திரும்பிற்று. 1849 ஆகத்து முதல் நாளன்று இவரும் மங்கோ மரேயும் லிவிங்சுடனும் இங்காமி ஏரியைக் கண்டனர். பயணச் செலவில் பெரும்பங்கு ஆசுவெலுடையது. புகழில் பெரும்பங்கு லிவிங்சுடனுக்குப் போயிற்று. அதுபற்றி ஆசுவெல் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குதிரைமேலிருந்தே வேட்டையாடிய அவர், ஒருமுறை காண்டாமிருகத்தின் கொம்பு தம் குதிரையைக் குத்தித் தூக்க, தாமும் கீழே எறியப்பட்டு உயிர் தப்பினார். காண்டாமிருகத்தை விட்டு விலகிச் செல்ல முடியும். ஈயை விட்டு விலக முடியவில்லை. 1851இல் சோபே ஆற்றுப்பக்கம் சென்றபோது, அதிகமான ஈக்கள் மாடுகள்மேல் அமர்ந்ததாகவே தெரியாதிருந்தும் 43 மாடுகள் செத்தன என்று லிவிங்சுடன் பதிந்துள்ளார். மனிதரும் காட்டு விலங்குகளும் அதே கடிக்கு ஆளாகியும் தீங்குறாததைக் கண்டு அவர் வியந்தார்.

வியப்புக்கு விடை 1895இல் கிடைத்தது. சூலு நாட்டின் உபொம்போ மலையில் டேவிட் புரூசு என்னும் படை மருத்துவர், நோயுற்ற விலங்குகளின் குருதியில் நெளியும் உயிரியைக் கண்டு, அதை ஈ சுமந்துவருவதையும் மெய்ப்பித்தார். காட்டு விலங்குகளின் உடலில் அவ்வுயிரி தங்கியிருந்தும் அவற்றைப் பெரிதும் வருத்துவதில்லை. குதிரை நோயைப் பரப்பும் பூச்சி இன்னதென்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டு தாய்ட்டு நிறுவியது மிகப் பிந்தி, 1944இல். அதற்குமுன் 1930களிலேயே பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள ஒன்டர்சுடெப்போர்ட்டு ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி உருவாகிவிட்டது. இவையெல்லாம் 1899ஆம் ஆண்டுப் போயர் போருக்கு உதவவில்லை. 1902வரை நடந்த அப்போரில் ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் 3,00,000க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. குண்டடிபட்டவை சில, நோயிலும் பசியிலும் களைப்பிலும் வீழ்ந்தவை பல. அவற்றின் நினைவாக 1905இல் எலிசபெத்துத் துறைமுக நகரில் எழுப்பிய சிலையில், ஒரு வீரன் மண்டியிட்டுக் குதிரைக்கு வாளியில் நீர் காட்டுகிறான்.

நோய் இப்பகுதி நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 1959, 1960ஆம் ஆண்டுகளில் மேற்காசியா வழியாக இந்தியாவரை பரவி, குதிரையும் கழுதையுமாக ஏறத்தாழ 3,00,000 உயிர்களைக் குடித்தது. 2020இல் தாய்லாந்தின் நக்கோன் ராச்சசீமா வட்டாரத்தில் தோன்றி 500க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. அவ்வாண்டே மலேசியாவிலும் பதிவாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வரிக்குதிரைகளின் மீதே பலருக்கு ஐயம் விழுந்தது. வரிக்குதிரை நோயை உடலில் தாங்கியும் தான் நோயுறாதது.

இனி, சபாரி நடக்கும் காடுகளுக்கு வருவோம். செட்சி ஈ ஆப்பிரிக்காவின் சிறந்த வனக்காவலன் என்று காட்டு விலங்கு ஆர்வலர் சொல்வதுண்டு. மாடு வாழ முடியாத நிலத்தில் உழவரும் மேய்ப்பரும் குடியேறவில்லை. ஆதலால் விலங்குகள் எஞ்சின. மாட்டை நம்பி வாழும் ஏழைக் குடியானவனிடம் இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. அவனுக்கு ஈ காவலன் அன்று, கொள்ளைக்காரன். ஈயை ஒழிக்க முதலில் எடுத்த வழியோ கொடியது. ஈக்குக் குருதி கிடைக்காமற் செய்வதாக எண்ணி, இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டில் மட்டும் பல இலட்சம் காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளினர்.

பொட்சுவானாவின் ஒக்கவாங்கோ ஆற்றுக் கழிமுகத்தில் பிற்காலத்தில் கையாண்ட முறை நுட்பமானது. ஆறு கடலைச் சேராமல் மணலில் விரிந்து மறையும் சதுப்புநிலம் அது. பெண் செட்சி ஈ பிற ஈக்களைப்போல முட்டைக் குவியல் இடுவதில்லை. ஒருமுறைக்கு ஒரே புழுவை ஈனுகிறது. புழு மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகக் கிடக்கும். மருந்து அதைத் தொடாது. ஆகவே 2001, 2002ஆம் ஆண்டுகளில் இரவு வேளையில் விமானத்திலிருந்து மருந்தைப் புகைபோல் தூவி, புதிதாக வெளிவரும் ஈக்கள் குட்டி ஈனுமுன் மீண்டும் மீண்டும் தூவினர். கழிமுகத்தில் ஈ அற்றுப்போயிற்று. மாடுகள் உள்ளே நுழையாதபடி தெற்கு விளிம்பில் 1980களிலேயே வேலி போடப்பட்டிருந்தது. ஈ செய்த காவலைக் கம்பி ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஒக்கவாங்கோவில் 1980களில் தொடங்கிய குதிரைச் சபாரி இப்போது உறுதியாகக் காலூன்றியுள்ளது. அதில் சேர விரும்புவோர், எந்த வேகத்திலும் குதிரையை அடக்கத் தெரிந்தவராய் இருத்தல் வேண்டும். இது பெருமைக்காக விதித்த விதியன்று. குட்டியோடு நிற்கும் யானை சினந்து வந்தால், வழிகாட்டி கைகாட்டிய திசையில் குழு முழுவதும் கலையாமல் பாய்ந்தோட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் விழுந்தால் எல்லோர்க்கும் ஆபத்து. சிங்கத்தைக் கண்டாலோ வேறுமுறை: ஓடுவது இரையின் இயல்பாதலால், குதிரைகளை நெருக்கி நிறுத்தி மெல்ல விலகுவர். மற்ற விலங்குகள் பெரும்பாலும் அஞ்சுவதில்லை. மேலே மனிதன் இருந்தும், நாலு காலில் நடக்கும் புல்லுண்ணியாகவே குதிரையை அவை மதிக்கின்றன. மழையற்ற குளிர்காலத்தில், அங்கோலா மலைகளில் பெய்த நீர் பல மாதம் கழித்து வந்து சேர்ந்து வெள்ளமாக நிற்கும்போது, சேணம் நனையக் குதிரைகள் நீரைக் கடக்கும்.

அதற்குத் தென்கிழக்கே மக்காடிக்காடி உப்புவெளியில் மழைக்காலத்தில் வரிக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் திரள்கின்றன. 1968இல் போட்ட ஒரு கால்நடை வேலி, கழிமுகத்திலிருந்து அவை வரும் வழியை அடைத்திருந்தது. 2004இல் வேலியை நீக்கியதும், அவ்வழியைத் தம் வாழ்நாளில் கண்டிராத வரிக்குதிரைகள் சில ஆண்டுகளுக்குள் அதிலேயே நடக்கத் தொடங்கின. கழுத்தில் கட்டிய கருவிகளால் ஆய்வாளர் இதை அறிந்தனர். அத்திரளோடு இணையாகச் சவாரிக் குதிரைகளும் ஓடுகின்றன. வரிக்குதிரை வரும் மாதங்களும் நோய்ப் பூச்சி பெருகும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட குதிரைகளுக்கும், பொழுது சாயும் நேரத்தில் பூச்சியை விரட்டும் மருந்தை உடல் முழுவதும் பூசுகின்றனர்.