நம்பி ஒப்படைத்த வேலை

ஒரு பென்னி விலையுள்ள நீலநிற அஞ்சல்தலை. அதில் பிரிட்டிஷ் அரசியின் முகம் இல்லை. சைக்கிளில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் இருக்கிறான். தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங் ஊரை 1899 அக்டோபரிலிருந்து 217 நாள், பிரிட்டிஷாரோடு போரிட்ட போயர் படை சூழ்ந்திருந்தபோது, ஊருக்குள்ளேயே அச்சான தலை அது. சிறுவனின் பெயர் வார்னர் குட்இயர். குண்டு விழும் தெருக்களில் செய்தி கொண்டுபோகவும், காவல் நிற்கவும், மருத்துவமனையில் கைகொடுக்கவும் அமைந்த சிறுவர் படையின் தலைவன்.

ஊரைக் காத்த படைத்தளபதி ராபர்ட் பேடன் பவல், இந்தப் பையன்களை மறக்கவில்லை. பொறுப்பைக் கொடுத்தால் பையன் அதற்கேற்ப வளர்ந்துவிடுகிறான் என்பதை அங்கே அவர் கண்ணால் கண்டார். பின்னாளில் அவர் தொடங்கிய சாரணர் இயக்கத்தின் மற்ற எல்லாப் பாடங்களும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களை வைத்து அவர் அதைச் சோதித்துப் பார்த்தார். பாதிப்பேர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், மீதிப்பேர் பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவர்கள் ஒரே கூடாரத்தில் படுப்பதே பெரிய விஷயம். ஓநாய், காளை, அண்டங்காக்கை, குதிரைமலைக்கொத்தி என்று பறவை, விலங்குகளின் பெயரில் நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனே தலைவன். இரவுதோறும் ஓர் அணி மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை வாங்கிக்கொண்டு தனியே போய், சமைத்துச் சாப்பிட்டு, காவல் வைத்துத் தூங்கியது. பெரியவர் யாரும் அருகில் நின்று கிளறிவிடவில்லை. சமைத்தது குழைந்தாலும் தீய்ந்தாலும் தின்ன வேண்டியது அவர்கள்தான் என்பதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளியில் உண்டு?

மறு ஆண்டே அவருடைய கையேடு பகுதி பகுதியாக வெளிவந்தது. தட்டில் பரப்பிய 24 பொருள்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதும் விளையாட்டு அதில் உண்டு. கிப்ளிங்கின் 'கிம்' நாவலிலிருந்து எடுத்தது. அந்த நாவலின் களமோ இந்தியா. கையேடு முதலுதவியும் கற்பித்தது: கழுத்துத் துணி முறிந்த கைக்குத் தொட்டிலாகும். இரண்டு கம்பும் இரண்டு சட்டையும் சேர்ந்தால் தூக்குப்படுக்கை. கைக்கெட்டியதை வைத்து உதவப் பழகிய பிள்ளை, விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்காது.

 

1909இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் குழு தொடங்கியது. ஆனால் வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். இந்தியப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் நாளைக்குப் புரட்சிக்காரர்கள் ஆகிவிடுவார்களோ என்ற அச்சம் ஆட்சிக்கு. பிள்ளையை நம்பு என்று சொன்ன இயக்கம், இங்கே பிள்ளையின் நிறம் பார்த்தது. இது அதன் வரலாற்றில் ஒரு பெருங்குறை.

கதவைத் திறந்தது சென்னை. அடையாற்றிலிருந்து சுயாட்சிக் குரல் எழுப்பிய அன்னி பெசன்ட், முதல் உலகப் போர் முடியுமுன்பே தம் உடன்பணியாளர் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. வடக்கே மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பின் சாரணர்களை வளர்த்தார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை.

மனக்கசப்பு அதோடு தீரவில்லை. சாரணர் சட்டத்தின் முதல் வரியே மானத்தைப் பற்றியது. இந்திய மொழிகளில் மானத்துக்குச் சொல்லே இல்லை என்று பேடன் பவல் சொன்னதாக 1937இல் வந்த செய்தி, இங்கே பெரும் கொதிப்பைக் கிளப்பியது. மானத்துக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள் பிறந்த நாட்டைப் பற்றியா இப்படி? மறு ஆண்டு இந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. பிரிந்து கிடந்த அமைப்புகள் விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பாரத சாரணர் அமைப்பாக ஒன்றாயின. அடுத்த ஆண்டு சாரணியரும் வந்து சேர்ந்தார்கள்.

2025 ஜனவரி இறுதியில் அந்த அமைப்பின் வைரவிழாப் பெருந்திரளணி தமிழ்நாட்டின் மணப்பாறை சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் நடந்தது. ஒரு காலத்தில் நம்பத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் கொள்ளுப்பேரர்கள், பல மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்து, கூடாரமடித்துத் தங்கினார்கள்.