கற்பனை வண்டிக்குக் கண்ணாடி உடல்

"சினிமாவில் வரும் எதிர்கால மோட்டார் சைக்கிளை நம் அல்லிநகரத்துப் பட்டறையிலேயே கட்டிவிட முடியுமா?" என்று மாணவர் சிலர் அண்மையில் கேட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது 'அகிரா' என்னும் ஜப்பானியப் படத்தில் வரும் சிவப்பு வண்டி. நீங்களும் அதன் படத்தைப் பார்த்திருக்கலாம். தரையோடு தரையாகத் தாழ்ந்து, சக்கரங்களைப் பாதி மறைத்து, ஒரே வளைவாக ஓடும் உடல் அதற்கு.

முடியும் என்பதே விடை. ஆனால் முப்பதுகளில் பிறந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் முடியாது. அப்பொருளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். தேனியிலிருந்து ஆண்டிபட்டிப் பக்கம் போகும்போது தெரியும் காற்றாலைகளின் இறகுகள் அதனால் ஆனவை. பட்டறைக்காரர்கள் சுருக்கமாகப் 'பைபர்' என்கிறார்கள். கண்ணாடி இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக் என்பது அதன் முழுப் பெயர்.

கண்ணாடியா வலு தருவது என்று உங்களுக்குத் தோன்றும். கைதவறினால் உடையும் பொருள் அல்லவா அது? இந்த ஐயத்தைத் தீர்த்தவர் ஆங்கிலேயப் பொறியியலார் கிரிஃபித். 1920-இல் அளித்த ஆய்வுக் கட்டுரையில், கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்து அவற்றின் வலிமையை அவர் அளந்து காட்டினார். ஒரு மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் கம்பியைவிட, மி.மீட்டரில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கே தடிமனுள்ள இழை, அதே குறுக்குப் பரப்புக்கு சுமார் 20 மடங்கு இழுவிசையைத் தாங்கிற்று! கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள். இழை மெலிய மெலியப் பெரிய கீறலுக்கு அதில் இடமில்லை. ஓர் இழை அறுந்தாலும் அந்தப் பிளவு பக்கத்து இழைக்குத் தாவாதபடி இடையில் பிசின் நிற்கிறது.

கண்ணாடி இழை அதற்கு முன்பே உண்டு. 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் லிப்பி என்ற கண்ணாடி உற்பத்தியாளர், கண்ணாடி இழை கலந்து நெய்த உடை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். வேடிக்கைப் பொருளாக நின்றதே தவிர, அதை உடுத்தி உட்கார முடியாது. மலிவாக, மிகுதியாக இழை கிடைத்தது 1932-இல். அமெரிக்காவில் ஓவன்ஸ் - இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர், கண்ணாடிக் கட்டிகளை உருகிய கண்ணாடியால் ஒட்டவைக்க முயன்றபோது, அழுத்தக் காற்று பட்டுக் கண்ணாடி மெல்லிய இழைகளாகச் சிதறிற்று. அவருடைய மேலாளர் ஸ்லேட்டர் அதன் பயனை உடனே கண்டுகொண்டார். சில ஆண்டுகளில் பாலியெஸ்டர் பிசினும் வந்து சேர்ந்தது. இழையும் பிசினும் இணைந்த உடலை முழு மோட்டார் காருக்குப் பூட்டி, 1946-இல் ஸ்டௌட் என்பவர் மாதிரி வண்டி ஒன்றைக் காட்டினார். 1953-இல் ஷெவர்லே கார்வெட் கார் 300 மட்டும் இவ்வாறு செய்யப்பட்டது.

300 என்ற அந்தச் சிறிய எண்ணைக் கவனியுங்கள். எஃகுத் தகட்டில் வளைவான உடல் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு பாகத்துக்கும் ஆணும் பெண்ணுமாக இரும்பு அச்சுகளும், அவற்றை அழுத்தும் பெரிய எந்திரமும் தேவை. இலட்சம் வண்டி விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். பைபருக்கோ ஓர் அச்சு போதும். அதையும் களிமண்ணிலோ பிளாஸ்டர் மாவிலோ செய்து கொள்ளலாம். மதுரைக்கருகில் விளாச்சேரியில் காகிதக்கூழ்க் கொலுபொம்மை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அச்சின் உட்புறத்தில் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து, இரு பாதிகளையும் சேர்க்கிறார்கள். கூழுக்குப் பதில் கண்ணாடி இழை 'மேட்', பசைக்குப் பதில் ரெசின். ஒரே ஒரு வண்டி செய்ய விரும்பும் மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

எடை எவ்வளவு மிஞ்சும்? கையால் பூசிய பைபரின் யங் குணகம் எஃகினுடையதில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு. தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே அதே விறைப்புக்குத் தடிமன் 25-இன் கனமூலம், அதாவது 2.9 மடங்கு வேண்டும். 0.8 மி.மீ. எஃகுக்கு ஈடாக 2.3 மி.மீ. பைபர். அடர்த்தி எஃகுக்கு 7.85, பைபருக்கு 1.5, ஆகவே எடை பாதிக்குச் சற்றே மேல். 'இறகுபோல் லேசு' என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் மிகைதான்.

மோட்டார் சைக்கிளுக்கு உடை மாட்டும் ஆசை ஐம்பதுகளிலேயே தொடங்கிற்று. பந்தய வண்டிகளின் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் உறைகள் வந்தன. பார்ப்பதற்குக் குப்பைத்தொட்டி போலிருந்ததால் அதே பெயரும் வந்தது. வேகம் கூடியது உண்மை. ஆனால் 1957 பந்தயப் பருவம் முடிந்ததும் உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடைசெய்தது. காரணம் பக்கக் காற்று. முன்புறம் பெரிதாக மூடிவிட்டால் காற்று தள்ளும் மையம் வண்டியின் நிறைமையத்துக்கு முன்னால் போய்விடும். வண்டியின் முகம் காற்றுப் போகும் பக்கமாகத் திரும்பும்.

நம் ஊர்க் கணக்கிலேயே பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே இப்பள்ளத்தாக்கில் வீசும் காற்று நொடிக்கு 15 மீட்டர் என்று கொள்வோம். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 நியூட்டன். பக்கவாட்டுப் பரப்பு ஒரு சதுர மீட்டரானால், 14 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கத்திலிருந்து தள்ளும், அதுவும் விட்டுவிட்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பைபர் உடல் அம்மியைவிட லேசானது, பரப்பிலோ பாய்மரம்.

தடைக்குப் பின்னும் அளவான முன்மூடிகள் நிலைத்தன. சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரான காலத்திலேயே, இங்கிலாந்திலுள்ள ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1958 முதல் 'ஏர்ஃப்ளோ' என்ற கண்ணாடி இழை மூடிகளோடு தன் வண்டிகளை விற்றது. 1969-இல் கிரெய்க் வெட்டர் என்ற அமெரிக்க இளைஞர், பெட்ரோல் தொட்டியும் பக்க மூடிகளும் ஒரே பைபர்த் துண்டாக ஓடும்படி ஒரு டிரையம்ப் வண்டியை வடிவமைத்தார். அது 'ஹரிக்கேன்' என்ற பெயரில் 1972-இல் விற்பனைக்கே வந்தது.

ஆகவே 1982-இல் ஒடோமோ 'அகிரா' சித்திரக் கதையைத் தொடங்கியபோதும், அதே ஆண்டு 'டிரான்' படத்தில் ஒளிவண்டிகள் ஓடியபோதும், அவ்வடிவங்களைத் தூக்கிப்பிடிக்கும் கைத்தொழில் தயாராக இருந்தது. அகிராவின் திரைப்படம் 1988-இல் வந்தபின், வரைந்த கோட்டை நிஜமாக்க ஜப்பானிலும் பிற நாடுகளிலும் ரசிகர்கள் முனைந்தார்கள். 2010-இல் இரண்டாவது டிரான் படம் வந்ததும், புளோரிடாவிலுள்ள பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் 996 சி.சி. சுசூகி எஞ்சினைப் பூட்டி, எஃகுச் சட்டத்தின் மேல் பைபர் போர்த்தி, நடுவில் குடமில்லாத சக்கரங்களோடு ஓடும் வண்டியே செய்துவிட்டது.

இத்தகைய வண்டிகளில் உடலைச் செய்வது எளிய பாதி. சாதாரண மோட்டார் சைக்கிளின் இரு அச்சாணிகளுக்கும் இடைத்தொலைவு 1.4 மீட்டர் அளவில் இருக்கும். சித்திரத்துக்காக அதை 2 மீட்டராக நீட்டினால், கைப்பிடியை அதே கோணம் திருப்பினாலும் வண்டி திரும்பும் வட்டம் அதே விகிதத்தில் பெருக்கும். அல்லிநகரத்துச் சந்துகளில் திருப்புவது எப்படி என்பதைப் படம் வரைந்தவர் யோசித்திருக்கவில்லை!

நம் நாட்டில் பைபர் உடலுக்குத் தனி வரலாறு உண்டு. எழுபதுகளின் நடுவில் பெங்களூரில் 'பாதல்' என்ற மூன்று சக்கரக் கார் வந்தது. அதே குழுவினர் 1982-இல் 'டால்ஃபின்' கார் கொண்டு வந்தார்கள். பெரிய அழுத்த எந்திரம் வாங்க வசதியற்ற நிறுவனம் கார் செய்யத் துணிந்ததற்குப் பைபரே காரணம். 1983 டிசம்பரில் எஃகு உடலோடு மாருதி வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. இலட்சக்கணக்கில் விற்கும்போது அச்சுச் செலவு ஒவ்வொரு வண்டிக்கும் அற்பமாகிவிடும். கையால் பூசும் கூலியோ குறையாது.

விண்வெளியில் இந்தக் குறை உறுத்தவில்லை. அங்கே தேவை சிலவே. தும்பாவில் கண்ணாடி இழைக் கலவைப் பொருள்களை வளர்த்தவர்களில் முன்னின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். 1980 ஜூலை 18-இல் வெற்றிகண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேல்நிலை மோட்டார்களின் உறைகள் இவ்வகையானவை. பின்னாளில் ஹைதராபாத்தில் அவர் குழு, போலியோ பாதித்த குழந்தைகளுக்கான 3 கிலோ உலோகக் கால் தாங்கியைக் கலவைப் பொருளால் 300 கிராமாக்கியது. இதற்கு எந்தக் கற்பனை வண்டியும் இணையாகாது என்பது என் எண்ணம்.

கற்பனை வண்டியும் தமிழ்நாட்டில் ஓடியிருக்கிறது. 2024 ஜூன் 27-இல் வெளியான 'கல்கி 2898 ஏடி' படத்தின் 'புஜ்ஜி'யைக் கோவையிலுள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், மகிந்திரா பொறியியலாரோடு சேர்ந்து கட்டியது. முன்னே இரு சக்கரம், பின்னே உருண்டையாக ஒன்று. 6 மீட்டர் நீளம், எடை சுமார் 6 டன், மின்மோட்டாரில் ஓட்டம். ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்டினார் என்பதுதான் அதன் சிறப்பு.

நீங்கள் பட்டறையில் இறங்குவதானால் சில சொல்லவேண்டும். ரெசினைக் கட்டவைக்கும் பெராக்சைடு 'ஹார்ட்னர்' நூற்றுக்கு 1 முதல் 2 பங்கே. இந்த வினை வெப்பத்தை உமிழும். சித்திரை வெயிலில் குவளை நிறையக் கலந்து வைத்தால் பூசுமுன் புகைந்து இறுகிவிடும். கோபால்ட் முடுக்கியையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேராகச் சேர்க்காதீர்கள்; வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதும் கலக்கிவிட்டுப் பிறகே ஹார்ட்னர். ஸ்டைரீன் ஆவிக்குத் திறந்தவெளி வேண்டும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூளுக்கு முகமூடியும், கண்ணுக்குக் கண்ணாடியும், கைக்கு உறையும் வேண்டும்.

பதிவான மோட்டார் சைக்கிளை உரித்து அதன்மேல் இந்த உடலை மாட்டிச் சாலையில் ஓட்டலாமா என்றும் அம்மாணவர்கள் கேட்டார்கள். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை விளக்கி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-இல் தீர்ப்பளித்தது. ஆகவே முதல் வண்டியைக் கண்காட்சிக்கென்று கட்டுங்கள். ஓட்டிப் பார்க்க வேலியிட்ட மைதானமும், காற்றில்லாத ஒரு காலைப் பொழுதும் போதும்.