துருப்பிடிக்காத கத்தியின் கதை

நம் புதுச்சேரியில் பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது சென்ட், சாக்லெட்டோடு ஒரு மடக்குக் கத்தியும் பெட்டியிலிருந்து வெளிவருவதுண்டு. பெரும்பாலும் அது மரப்பிடி போட்ட ஒப்பினெல். ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவுவாவில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி. அலகில் முடிசூடிய கை ஒன்று பொறித்திருக்கும். கூடவே 'கார்போன்' அல்லது 'இனாக்ஸ்' என்ற சொல்லும் இருக்கும். முதலாவது துருப்பிடிக்கும் எஃகு, இரண்டாவது துருவுக்கு ஈடுகொடுக்கும் எஃகு. கடலோரத்தில் குடியிருக்கும் நாம் இந்த இரண்டாவது சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கத்தி வாங்கும்போது அது கைகொடுக்கும்.

கதை நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. தென்னிந்தியாவில் மூடிய மண்கலயத்தில் இரும்பைக் கரியோடு சேர்த்து உருக்கிச் செய்த எஃகு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறிஞர்களின் கைக்குப் போனது. ஆங்கிலேயர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் அதன் ரகசியத்தை அறிய முயன்றார்கள். எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று பலவற்றைக் கலந்து பார்த்து 1820இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டே, பாரிஸ் சுரங்கக் கல்லூரியின் பேராசிரியர் பியேர் பெர்தியே இரும்பில் குரோமியத்தைக் கலந்தார். அந்தக் கலவையை அமிலம் எளிதில் அரிக்கவில்லை. கத்தி செய்ய உதவலாம் என்று 1821இலேயே எழுதிவைத்தார். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு அடுத்து நடந்ததில் வியப்பில்லை. கோப்பு 92 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது!

அதற்குக் காரணமும் உண்டு. அந்நாளில் குரோமியத்தைத் தாதுவிலிருந்து கரியைக் கொண்டே பிரித்தார்கள். அதனால் கரி அதில் நிறையச் சேர்ந்துவிடும். குரோமியம் கூடக்கூடக் கலவை அடித்தால் உடைந்துபோகும். 1890களில் ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் அலுமினியத் தூளைக் கொண்டு கரியில்லாமல் குரோமியத்தைப் பிரித்துக் காட்டிய பிறகே வழி திறந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் இருந்தார். உருக்குத் தொழிலாளியின் மகன். சிறு வயதிலேயே படிப்பை விட்டு ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவும் வேலையில் சேர்ந்தவர். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்வதைத் தடுக்க எஃகு தேடியபோது, 1913 ஆகஸ்டு 13 அன்று 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் கரியும் கொண்ட எஃகை வார்த்தார். அமிலம் அதைத் தொடவில்லை. காடியும் எலுமிச்சைச் சாறும் கறைபடுத்தவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திக்கு இதுவே சரி என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஊரிலிருந்த கத்திக்காரர்களோ முதலில் சிரித்தார்கள். அடிக்கக் கடினம், கூர் நிற்கவில்லை என்றார்கள். 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவருக்குப் பட்டமும் கிடைத்தது. இந்த எஃகைப் பதமாக்க வழக்கத்தைவிட அதிகச் சூடு வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்திப் பட்டறை மேலாளர் அதற்கு 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயரிட்டார். பிரெஞ்சில் அது 'இனொக்சிதாப்ல்', சுருக்கமாக 'இனாக்ஸ்'.

அந்தக் கேலியில் ஓர் உண்மை இருந்தது. கூர் நிற்பதற்குக் கரி வேண்டும். ஆனால் அதே கரி குரோமியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். கட்டுப்படாமல் மிஞ்சும் குரோமியந்தான் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாக எஃகைக் காக்கிறது. எனவே துருவும் வேண்டாம், கூரும் குறையக் கூடாது என்று கேட்டால் எங்காவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

நம் எவர்சில்வர் பாத்திரத்தில் சுமார் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உண்டு. துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் சூடேற்றி நீரில் தோய்த்துக் கடினமாக்க முடியாது என்பதால் வெட்டும் அலகுக்கு உதவாது. கத்திக்கான இனாக்ஸ் வேறு வகை. அதில் காந்தம் ஒட்டும், ஒட்டுவதால் அது போலி என்று எண்ண வேண்டாம்.

ஆக, எதை வாங்குவது? காய்கறி நறுக்க, உடனே துடைத்து வைக்கும் பழக்கமுள்ள வீட்டுக்குக் கார்போனே போதும். சாணை பிடிப்பதும் எளிது. படகுக்கும் மீன் கழுவும் இடத்துக்கும் இனாக்ஸ்தான். கூர் கொஞ்சம் முன்னதாகவே மழுங்கினாலும் தாழ்வில்லை. மரப்பிடி தண்ணீரில் ஊறினால் உப்பி, அலகை மடக்கவும் விரிக்கவும் சிரமம் தரும். அங்கே பிளாஸ்டிக் பிடி நல்லது. மடக்குக் கத்தியைவிட நேர்க்கத்தி மேல். மடிப்புக்குள் உப்புநீர் தங்கும், காற்றுப் புகாத அந்த இடத்தில் காக்கும் ஏடு புதுப்பிக்கப்படாது. கடலுப்பு இனாக்ஸிலும் சிறு குழிகளைப் போட்டுவிடும்.

ஆகவே எந்தக் கத்தியானாலும் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்பு உட்பட ஈரம் போகத் துடைத்து, காற்றாட வையுங்கள். அலகில் பொறித்த சொல்லை மட்டும் நம்பி ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.